ஊவா மலைச்சரிவுகளில் மண்ணைக் காத்தல்

ஐப்பசி மாதத்திற் பெருமழை தொடங்கியதும் வெலிமடைப் பகுதியில் உமா ஓயாவின் நீர் செந்நிறமாக மாறுவதைக் கமக்காரர் யாவரும் கண்டிருப்பர். மேலேயுள்ள மரக்கறித் தோட்டங்களிலும் பராமரிப்பற்ற தேயிலை மலைகளிலுமிருந்து வழிந்தோடும் மேன்மண்ணே அந்நிறத்துக்குக் காரணம். அம்மண்ணின் ஒரு பகுதி கீழ் வயல்களின் வாய்க்கால்களை அடைக்கின்றது. எஞ்சியது ஆற்றோடு சென்று, 2024ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின் அணைகளிலும், மகாவலியின் ரந்தெம்பே நீர்த்தேக்கத்திலும் படிகின்றது. ஆகவே மேட்டிற் கொத்துபவரின் வேலையையும் பள்ளத்தில் நாற்று நடுபவரின் வேலையையும் வெவ்வேறாகக் கருதலாகாது.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரங்குல மழை பெய்தால், விழும் நீரின் நிறை ஏறக்குறைய 100 தொன் ஆகும். நிலம் இலைகளாலும் சருகுகளாலும் மூடப்பட்டிருப்பின் துளிகளின் வேகம் தணிந்து நீர் மெல்ல உள்ளிறங்கும். வெறும் நிலத்திலோ துளிகள் மண்கட்டிகளைச் சிதைத்து, மண்ணிலுள்ள நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. உள்ளே செல்ல வழியற்ற நீர் மண்ணை வாரிக்கொண்டு சரிவில் ஓடுகின்றது. கமக்காரர் கடன்பட்டு வாங்கி இட்ட பசளையும் அதனுடன் போய்விடுகின்றது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் ஊற்றுக்கள் வற்றுவதற்கும் இதுவே ஒரு காரணம். நிலத்தினுள் தங்கியிருக்க வேண்டிய நீர் மாரியிலேயே ஓடிவிட்டது.

இக்கேடு இன்று தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதெனத் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873ஆம் ஆண்டில் ஆலோசனை கூறினார்; அரசாங்கமும் அதனை ஏற்றது. அதற்குக் கீழுள்ள சரிவுகளுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை வந்தபோது, சுரண்டியாற் புல்லின்றிச் சுரண்டப்பட்ட நிலமே நல்ல நிலமென எண்ணப்பட்டது. அவ்வெண்ணத்தின் தீமையை 1931ஆம் ஆண்டின் மண்ணரிப்புக் குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. 1951ஆம் ஆண்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய தோட்டங்களிற் கான் வெட்டியோரும் கல்லணை கட்டியோரும் தோட்டத் தொழிலாளரே. அவ்வேலையின் நுட்பம் அறிந்த முதியோரிடம் கேட்டறிதல் நன்று.

வெலிமடை, ஊவா பரணகமப் பகுதிகளிற் பெரும்போகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கும் செய்யும் வழக்கம் உண்டு. இது சிறந்த வழக்கமாகும். வயலில் நீர் நிற்பதனாற் பற்றீரிய வாடல் நோயின் கிருமிகள் குறைகின்றன. வரம்புகள் மண்ணைத் தடுத்து நிறுத்துகின்றன. மேட்டு நிலக் கிழங்கோ பெரும்போக மழைக்காலத்திலேயே நடப்பட்டு, கொத்தி மண் அணைக்கப்படுகின்றது. மண் மிகத் தளர்ந்திருக்கும் வேளையும் மழை மிகக் கடுமையாயிருக்கும் வேளையும் ஒன்றாகிவிடுகின்றன. நீர் தேங்கிக் கிழங்கு அழுகுமென்று அஞ்சிப் பலர் வரிகளைச் சரிவின் போக்கிலேயே அமைப்பர். அவ்வச்சம் நியாயமானதே. எனினும் வரிகளைச் சரிவுக்குக் குறுக்கே, 100 அடிக்கு ஓரடி தாழ்வாக அமைத்து, புல் வளர்த்த பக்கக் கானில் நீரை விட்டால் கிழங்கும் அழுகாது, மண்ணும் போகாது.

சமவுயரக் கோட்டைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஏழடி நீளமான இரு கம்புகளின் உச்சிகளைச் சேர்த்துக் கட்டிக் கால்களை விரித்து, இடையில் ஒரு குறுக்குக் கம்பைப் பொருத்தி, உச்சியிலிருந்து நூலிற் கல்லொன்றைத் தொங்கவிடுதல் வேண்டும். இரு கால்களையும் நிலத்தில் வைத்து நூல் குறுக்குக் கம்பைத் தொடுமிடத்தைக் குறித்து, பின் கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறிக்க. இவ்விரு குறிகளின் நடுவே நூல் நின்றால் கால்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் உள்ளன. இவ்வாறு அடியடியாகச் சென்று முளைகளை அடித்து, அவ்வரிசையில் வெட்டிவேரையோ மானாப் புல்லையோ அரையடி இடைவெளியில் நடலாம். உயரம் குறைந்த இடங்களிற் கிளிரிசீடியா ஏற்றது. அதன் தழை வயலுக்கும் பசளையாகும். சரிவு கூடக்கூட வரிசைகள் நெருங்கியிருத்தல் வேண்டும். இவற்றுக்குச் சிறிது நிலம் போவது உண்மையே. ஆனால் சில ஆண்டுகளில் மண் படிந்து வரிசைக்கு மேற்பக்கம் படிக்கட்டுப் போலாகும்.

லயன்களை அடுத்த நிலத்தில் மரக்கறி செய்யும் தொழிலாளர் பலருக்கு அந்நிலத்தின் உறுதி இல்லை. அடுத்த போகத்தில் நிலம் தம்மிடம் இருக்குமோ என்று அறியாதவர், ஆண்டுகள் கழித்துப் பயன்தரும் வேலையிற் தயங்குவது இயல்பு. அத்தகையோர் வெட்டிய மானாப் புல்லைப் பாத்திகளிற் பரப்பினாலும் அப்போகத்திலேயே பயன் தெரியும்.

மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் நீரைத் தேக்கும் குழிகளை வெட்டலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன, பலர் உயிரிழந்தனர். நிலத்திற் புதிய வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே அவ்விடம் விட்டு நீங்கி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.

முளை அடிக்கும் வேலையைப் புரட்டாதியிலேயே முடித்து, முதல் மழையிற் புல்லை நடுதல் நன்று. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் கானிற் தேங்கிய மண்ணை அள்ளி, கீழே எறியாது மேற்பக்கப் பாத்தியிலேயே இடுதல் வேண்டும்.