துவட்டிய தலையும் துவட்டிய கீரையும்

‘எங்கிருந்து வந்தது?’ பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கீரையைப் பற்றியவை. அவற்றிலும் தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்துக் கேள்விகளே மிகுதி. பத்து நிமிடத்தில் ஆகிற கீரைப் பக்குவம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு பதார்த்தத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அதன் பக்குவமும் கைக்கு வந்துவிடும் என்பது என் அனுபவம். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கீரையைத் தேங்காய் போட்டு வதக்கினால் எங்கள் வீட்டில் ‘துவரன்’ என்போம். சென்னைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தால் இங்கே ‘பொரியல்’ என்கிறார்கள். அலுவலகத்துத் தோழி, ‘தோரன் எங்க கேரளத்துச் சாமானாக்கும்’ என்கிறாள். இது யாருடைய சொல்? துவரம்பருப்பிலிருந்து வந்ததா?
— தென்காசியில் பிறந்த வாசகி, சென்னை

பதில்: இதற்கு விடை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, குற்றாலத்து ஐந்தருவியில் இருக்கிறது. சாரல் காலத்தில் அருவியை விட்டு வெளியே வருகிறவர்களைப் பாருங்கள். பல் தந்தியடிக்க வருகிற பிள்ளையைத் தாய் இழுத்து நிறுத்தி, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டுவாள். அந்தத் துவட்டல்தான் உங்கள் சட்டியிலும் நடக்கிறது.

‘துவர்’ என்ற வினைக்கு ஈரம் போதல், காய்தல் என்று பொருள். ஒன்றின் ஈரத்தை நாம் போக்கினால் அது துவர்த்துதல், அதுவே துவட்டுதல். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளித்துவிட்டு உடம்பு துடைக்கிற துண்டுக்குத் ‘துவர்த்து’ என்றே பெயர். மலையாளத்தில் அது ‘தோர்த்து’. மழை விட்டதை அவர்கள் ‘மழ தோர்ந்நு’ என்பார்கள். நம்முடைய துவரனும் அவர்களுடைய தோரனும் இதே வீட்டுப் பிள்ளைகள். ‘துவட்டல்’ என்று கறிக்குப் பெயர் சொல்லும் தமிழ் வீடுகளும் உண்டு. ஈரத்தைப் போக்கிச் சமைத்தது என்பதுதான் மூன்றுக்கும் பொருள்.

துவரம்பருப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மணிப் பருப்புகூடப் போடாத சீனிஅவரைக்காய்த் துவரனை நீங்களே எத்தனை முறை சாப்பிட்டிருப்பீர்கள்!

யாருடைய சொல் என்று கேட்டீர்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். அதற்குப் பிறகுதான் எல்லைக்கோடு ஆரியங்காவுப் பக்கம் நகர்ந்தது. கோடு நகர்ந்தால் அடுப்பு நகருமா? பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து இன்றைக்கும் காய்கறி லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஏறிப் போகின்றன. காயும் தேங்காயும் போகிற வழியில் சொல்லும் போய் வந்திருக்கிறது. இது இரண்டு வீட்டுக்கும் பொதுச்சொத்து. தோழியிடம் அப்படியே சொல்லுங்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் முருங்கையிலை ‘வறை’ செய்கிறார்கள். வறு, வற, வறட்சி என்று அதுவும் ஈரம் போவதைச் சொல்கிற குடும்பம்தான்.

பெயர் தெரிந்துவிட்டது, இனிப் பக்குவம். நாலு பேருக்கு, ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கை நிறைய அள்ளுகிற அளவு. ஆய்வதற்கு முன்பே கொத்தாக அலசி, உதறி, ஒரு துணியில் பரப்பிவிடுங்கள். அரை மூடித் தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டு பல் பூண்டு, இரண்டு மிளகாய் வத்தல், சிட்டிகை மஞ்சள்தூள் எல்லாவற்றையும் சொட்டுத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, பத்துச் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு வதக்கி, கீரையைப் போடுங்கள். உப்பை அப்போதே போடக் கூடாது. சட்டி நிறையத் தெரிகிற கீரை இரண்டு நிமிடத்தில் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். சுருங்கிய அளவைப் பார்த்துத்தான் உப்பு. பிறகு கீரையை ஓரமாக ஒதுக்கி, நடுவில் குழி செய்து, தேங்காயைக் குழியில் வைத்து, கீரையாலேயே மூடிவிடுங்கள். கீரையின் ஆவியில் பூண்டின் பச்சை வாடை போய்விடும். இரண்டு நிமிடம் கழித்துக் கிளறுங்கள்.

எங்கள் ஆச்சி சட்டியை எட்டிப் பார்க்கவே மாட்டாள், காதால்தான் சமைப்பாள். கீரை நீர் விடும்போது சட்டி களகளவென்று பேசும். நீர் சுண்டச் சுண்டப் பேச்சு மெலிந்து, கடைசியில் எண்ணெய் மட்டும் மெல்லச் சுர்ரென்று இழுக்கும். அம்மி அருகில் உட்கார்ந்திருந்தபடியே, ‘துவர்ந்துட்டு, எறக்கிரு’ என்பாள். அந்தச் சத்தத்துக்கு முன்னால் இறக்கினால் கீரை சவசவ என்று இருக்கும்; பின்னால் இறக்கினால் தேங்காய் சிவந்து கமறும். அடுப்பில் வைத்ததிலிருந்து எட்டு நிமிடம் ஆகும். தேங்காயின் எண்ணெய்ப்பசை வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

கேள்வி: ‘வெஞ்சனம் என்ன?’ என்று என் பாட்டி கேட்பார். இப்போது யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லையே?
— கடையநல்லூர் வாசகர்

பதில்: வடமொழியின் ‘வியஞ்சனம்’ நம் நாவில் வெஞ்சனம் ஆயிற்று. அந்த மொழியில் அதற்கு இரண்டு பொருள் உண்டு: சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது ஒன்று, இலக்கணத்தில் மெய்யெழுத்து இன்னொன்று. உயிரோடு சேராமல் மெய் தனியே ஒலிக்காது; சோற்றோடு சேராமல் வெஞ்சனம் தனியே நிற்காது. இவ்வளவு அழகான சொல்லை விட்டுவிட்டு ‘சைடிஷ்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டியின் சொல்லை உங்கள் வீட்டிலாவது வைத்திருங்கள்.

கேள்வி: மணத்தக்காளி தக்காளி மாதிரியே இல்லையே, பிறகு ஏன் தக்காளி?
— இலஞ்சி வாசகி

பதில்: கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இன்று நாம் கிலோக் கணக்கில் வாங்குகிற சிவப்புத் தக்காளிதான் இரவல் பெயர் வாங்கியது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் கப்பலேறிய பிறகுதான் நம் பக்கம் வந்தது. அதற்கு முன்பே நம் வேலியோரத்தில் சின்னஞ்சிறு உருண்டைப் பழம் தரும் செடிகளைத் தக்காளி என்று அழைத்துவந்தோம். புதிதாக வந்ததும் அதே சாயலில் உருண்டையாக, சாறும் விதையுமாக இருந்ததால் ‘சீமைத்தக்காளி’ ஆயிற்று. நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்து, வந்தது முழுப் பெயரையும் எடுத்துக்கொண்டது. பழைய சொந்தக்காரிக்கு ‘மண’ என்ற அடைமொழி மிஞ்சியது. தென்மாவட்டங்களில் மிளகுதக்காளி என்பார்கள். பழம் மிளகு அளவு என்பதால் அந்தப் பெயரே எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இதன் கீரைக்குக் கசப்பு உண்டு; துவரனைவிடப் பாசிப்பருப்போடு சேர்ப்பது நல்லது. பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் கீரையைப் போட்டு, வெந்த பிறகு இறக்குகிற நேரத்தில் கெட்டித் தேங்காய்ப்பால் விடுங்கள். பால் விட்டபின் கொதிக்க விடாதீர்கள். செடியில் இருக்கும் பச்சைக் காயைப் பிள்ளைகள் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழுத்ததுதான் தின்பதற்கு.

கேள்வி: கீரை வேகும்போது மூடி போடாதே என்று மாமியார் சொல்கிறார். எங்கிருந்து வந்தது இந்த விதி?
— சுரண்டை வாசகி

பதில்: அனுபவத்திலிருந்து வந்தது, காரணம் பின்னால்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1817இல் பிரான்சில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் இலையின் பச்சை நிறத்தைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். தமிழில் பச்சையம் என்கிறோம். அதன் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருப்பதைக் கண்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஸ்டேட்டர். 1915இல் நோபல் பரிசு பெற்றவர். கீரை வேகும்போது அதிலிருந்தே புளிப்பான அமிலங்கள் வெளிவருகின்றன. அமிலம் பட்டால் மக்னீசியம் இடத்தை விட்டு நகர்ந்துவிடும், பச்சை, பழுப்பாகும். மூடாமல் இருந்தால் ஆவியாகிற அமிலங்கள் ஆவியோடு வெளியேறும். மூடினால் அவை மூடியில் முட்டி நீராகி, திரும்பக் கீரையிலேயே சொட்டும்.

புளி விட்டுக் கடைகிற கீரை ஏன் பச்சையாக இருப்பதில்லை என்பதும் இதில் அடங்கிவிட்டது. சில கடைகளில் நிறத்துக்காகச் சமையல் சோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், வைட்டமின் சி போய்விடும். மாமியார் சொன்னதே சரி.

கேள்வி: கேரளத்தில் கர்க்கடக மாதம் பத்துவகை இலை சேர்த்துத் தோரன் வைக்கிறார்கள். நமக்கோ மழை மாதத்தில் கீரை ஆகாது என்கிறார்கள். எது சரி?
— குற்றாலம் வாசகர்

பதில்: கர்க்கடகமும் நம் ஆடியும் ஒரே மாதம், உங்கள் ஊரில் அருவி கொட்டுகிற மாதம். அவர்களுடைய ‘பத்தில’யில் மூக்கிரட்டை, தகரை, சேம்பின் குருத்து, பூசணி இலை, தடியங்காய் இலை, வெள்ளரி இலை, பயற்றிலை, சேனை இலை என்று வரும், பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். முதல் மழைக்குத் தாமாக முளைக்கிறவையும் கொடியில் புதிதாகத் துளிர்க்கிறவையும் அவற்றில் முக்கியமானவை. முருங்கைக்கீரையை மட்டும் அந்த மாதம் அவர்களும் ஒதுக்குவார்கள்.

ஆகவே ‘மழைக்குக் கீரை ஆகாது’ என்பதை முழுத் தடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழைக் கீரையில் சேறும் புழுவும் அதிகம் என்பது உண்மை. இலையைப் புரட்டிப் பார்த்து ஆய்ந்து, உப்பு நீரில் அலசி, நன்றாக வேகவைத்தால் போதும். சேம்பும் சேனையும் மட்டும் கவனம். சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும்.

கேள்வி: தவசிக்கீரையைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் உடம்பு இளைக்கும் என்கிறார்களே?
— ஆலங்குளம் வாசகர்

பதில்: வேண்டாம், தயவுசெய்து. 1990களின் நடுவில் தைவானில் இதே ஆசையில் பலர் தினமும் இந்த இலையைப் பச்சைச் சாறாகக் குடித்து நுரையீரல் பழுதாகி மூச்சுத் திணறினார்கள். சிலர் இறந்தும் போனார்கள். மலேசியாவிலும் கேரளத்திலும் இதைப் பெரும்பாலும் வேகவைத்தே உண்கிறார்கள். நீங்களும் எப்போதாவது, வேகவைத்தே உண்ணுங்கள்.

கேள்வி: ‘கீரை’ என்ற சொல் எவ்வளவு பழையது?
— தென்காசி வாசகர்

பதில்: சங்க காலத்திலேயே இருக்கிறது. இலைக்கறிக்கு அன்று ‘அடகு’ என்ற பெயர் பரவலாக வழங்கியது. பெருஞ்சித்திரனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும் புறநானூற்று 159ஆம் பாட்டில் கீரை, அடகு இரண்டு சொல்லும் வருகின்றன. குப்பையில் முளைத்த கீரை; ஏற்கெனவே பறித்த கணுவில் மறுபடி துளிர்த்தது; அந்த முற்றாத தளிரைப் பறித்து உப்பில்லாமல் வேகவைத்து, மோரும் இல்லாமல் உண்கிறாள் அவர் மனைவி. சிறுபாணாற்றுப்படையிலும் இப்படி ஒருத்தி வருகிறாள். குப்பையில் கொய்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடாதபடி கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அந்த வேளையின் இனமான நல்வேளையைக் கென்யாவில் இன்று தோட்டமிட்டு வளர்க்கிறார்கள். கசப்புத் தணியப் பால் விட்டுச் சமைத்து, சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். நம் பக்கம் அது வரப்பில் களையாகக் கிடக்கிறது.

பெருஞ்சித்திரனார் ‘மோர் இல்லை’ என்று தனியே குறிக்கிறார் பாருங்கள், கீரைக்கு மோர் என்பது அன்றைக்கே எதிர்பார்க்கப்பட்ட சேர்க்கை. அது இன்னும் நம்மிடம் இருக்கிறது. தண்டுக்கீரையைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் நீரில் வேகவையுங்கள். தேங்காய், சீரகம், ஒரு பச்சைமிளகாய் அரைத்துச் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கடைந்த கெட்டி மோரை ஊற்றி, உப்புப் போட்டு, மேலே தேங்காயெண்ணெயில் கடுகும் வத்தலும் தாளித்துக் கொட்டுங்கள். சூட்டோடு மோரை விட்டால் திரிந்துவிடும்.