கருத்தரிப்பு மருந்துகளும் மனநிலையும்

கருத்தரிப்புச் சிகிச்சை பெறும் பெண்களில் பலர், மருந்து தொடங்கிய சில நாட்களில் காரணமின்றி அழுகையும் எரிச்சலும் வருவதாக எங்களிடம் தயக்கத்துடன் கூறுகின்றனர். இது குணக்கேடும் அன்று. மனவலிமைக் குறைவும் அன்று. பெரும்பாலும் இதற்கு உடலியல் காரணம் உண்டு.

மருந்து செய்வது என்ன?

சினைமுட்டை வளர்ச்சிக்கு அளிக்கப்படும் குளோமிஃபீன் மாத்திரை வழக்கமாக 5 நாட்களுக்கு உட்கொள்ளப்படுகிறது. மூளையில் ஈஸ்ட்ரோஜனை உணரும் இடங்களை இது அடைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாகக் கருதும் மூளை, முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. ஆனால் உறக்கத்திலும் மனநிலையிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. எனவே உடல் திடீரெனச் சூடாதல், தூக்கமின்மை, மனத் தடுமாற்றம் ஆகியவை தோன்றலாம். இம்மருந்து உடலைவிட்டு மெதுவாகவே நீங்குவதால், மாத்திரை முடிந்த பின்னரும் சில நாட்கள் இவை நீடிக்கலாம்.

லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே குறைக்கிறது. எனினும் விரைவில் வெளியேறிவிடுகிறது. சோதனைக்குழாய் முறையில் சிலருக்கு அளிக்கப்படும் லியூப்ரோலைடு ஊசி, மாதவிலக்கு நின்றது போன்ற நிலையைத் தற்காலிகமாக உண்டாக்கும். புரோஜெஸ்டிரோன் அயர்வையும் சோர்வையும் தரலாம்.

எங்களிடம் எப்போது கூற வேண்டும்?

மருந்து உட்கொண்ட நாட்களையும் மனநிலையையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மருந்தால் வந்த மாற்றம் பெரும்பாலும் மருந்து நின்றபின் தணியும். தணியாமல் சோர்வும் ஆர்வமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. குளோமிஃபீன் உட்கொள்ளும்போது பார்வை மங்கினாலோ கண்ணில் ஒளிப்பொறிகள் தோன்றினாலோ, அடுத்த மாத்திரைக்கு முன் எங்களை அழையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அவசரப் பிரிவுக்கு வாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.

முன்பே மனநலச் சிகிச்சை பெறுவோர் அதை முதல் சந்திப்பிலேயே தெரிவிக்க வேண்டுகிறோம். அம்மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. கருவைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் போன்ற சிலவற்றை, மனநல மருத்துவருடன் கலந்து, கருத்தரிக்கும் முன்பே மாற்றியமைப்போம்.

குடும்பத்தாருக்கு

"நீ கவலைப்படுவதால்தான் கரு தங்கவில்லை" என்று எவரும் சொல்ல வேண்டா. கவலைதான் சிகிச்சையைத் தோல்வியுறச் செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கரு தங்காமைக்குக் கருவின் குரோமோசோம் குறைபாடு முக்கியக் காரணங்களுள் ஒன்று. அது யாருடைய மனநிலையாலும் விளைவதன்று. ஊசி போடும் நாட்களில் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். உறவினரின் கேள்விகளுக்குக் கணவரே முன்வந்து விடை கூறட்டும். பரிசோதனைக்கு உடன் வாருங்கள்.

மனநிலை தாங்க முடியாததானால் மருந்தையோ அளவையோ மாற்றலாம். ஒரு மாதம் இடைவெளியும் விடலாம். எதையும் தாமாக நிறுத்தாமல் எங்களிடம் சொல்லுங்கள், சேர்ந்து முடிவெடுப்போம்.