டோகாஃப் தேறிய தம்பிக்கு



நிறுவனத்தின் வேலைகளையும் கணினிகளையும் சேர்த்துத் திட்டமிடும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டுகளுக்கான டோகாஃப் சான்றிதழின் இரண்டாவது தேர்விலும் தேறிவிட்டாயாம். அகரம்தென் சாலையில் காய்கறிக் கடை வாசலில் பார்த்தபோது உன் அம்மா சொன்னார்கள். சொன்ன கையோடு, "ஏன் சார், இனிமே இவன் வீட்டு பிளானெல்லாம் போடுவானா?" என்றும் கேட்டார்கள். ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லை விசிட்டிங் கார்டில் போட்ட நாளிலிருந்து நானும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை. மொட்டை மாடியில் ஒரு அறை எடுக்கக்கூட யோசனை சொல்லத் தெரியாதவன் என்ன ஆர்க்கிடெக்ட் என்பது அவர் கட்சி.

முதலில் வாழ்த்து. முதல் தேர்வில் ஒரு மணி நேரத்தில் நாற்பது கேள்வி. சொற்களும் வரையறைகளும் தெரிந்தால் போதும். இரண்டாவதில் எட்டே கேள்விதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் கதை, தொண்ணூறு நிமிடம், புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அதில் மதிப்பெண் போடும் முறை எனக்குப் பிடிக்கும். மிகச் சிறந்த விடைக்கு 5, அடுத்ததற்கு 3, அதற்கடுத்ததற்கு 1, பொருந்தாததற்குச் சுழி. நம் வேலையில் சரி, தப்பு என்று இரண்டே கட்சி கிடையாது, தேவலாம், பரவாயில்லை என்றெல்லாம் உண்டு என்பதை அந்தத் தேர்வே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அங்கே நாலு விடையையும் வேறொருவர் எழுதி வைத்திருக்கிறார், கதையையும் அவரே எழுதித் தந்திருக்கிறார். வேலையில் அந்தக் கதையை எழுதித்தர ஆள் கிடையாது. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மருந்து மொத்த விற்பனை செய்யும் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். ஆறு வாரம் உட்கார்ந்து, இருக்கிற நிலைக்கு ஒரு படம், வரப்போகும் நிலைக்கு ஒரு படம், நடுவில் உள்ள இடைவெளிக்கு ஒரு பட்டியல் என்று போர்டு ரூம் சுவரை நிரப்பினேன். எல்லாரும் கைதட்டினார்கள். புது சாஃப்ட்வேருக்கு மாறிய திங்கட்கிழமை காலையில் குடோன் வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. இரண்டு நாள் சரக்கு நகரவில்லை. எந்த மருந்து எந்த அடுக்கில் இருக்கிறது, எதற்குக் காலாவதித் தேதி நெருங்குகிறது என்பதெல்லாம் குடோன் கணக்குப்பிள்ளையின் நீல அட்டை நோட்டில் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்தது மாலையில் அதைப் பார்த்து அடித்த நகல். என் படத்தில் அந்த நோட்டும் இல்லை, அந்த மனிதரும் இல்லை. ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட நான் குடோனுக்குப் போகவில்லை. அவரும் கோபப்படவில்லை. "நீங்க கேக்கவே இல்லியே சார்" என்றார், அவ்வளவுதான்.

1987-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்விதழில் ஜான் சாக்மன் எழுதிய கட்டுரையிலிருந்துதான் நம் துறையின் கதையைத் தொடங்குவார்கள். அவருடைய கட்டத்தைப் பார்த்திருப்பாய்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். கட்டங்களை நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் இவை கேள்விகள் என்பதையே மறந்துவிடுகிறோம். கேள்வி என்றால் ஒரு ஆளிடம் போய்க் கேட்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மாடியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

உன் பயிற்சி வகுப்பில் எடுத்துக்காட்டாகத் தந்ததெல்லாம் வங்கியும் விமான நிறுவனமுமாக இருந்திருக்கும். எதற்கு அவ்வளவு தூரம்? நீ குடியிருக்கும் ஊரைப் பார். 2021 நவம்பர் 3 வரை நம் மாடம்பாக்கம் ஒரு பேரூராட்சி. அன்றைக்குத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். பத்து அலுவலகம் ஒன்றானது. எழுபது வார்டு, ஐந்து மண்டலம். செய்தித்தாளில் இது ஒரு பத்திச் செய்தி. நம் கண்ணால் பார்த்தால், பத்து நிறுவனங்களை ஒரே நாளில் இணைத்த கதை.

பத்து இடத்திலும் சொத்து வரிப் பதிவு, குடிநீர் இணைப்பு, தொழில் உரிமம், கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு, தெருவிளக்கு, குப்பை வண்டி, பணியாளர் பட்டியல். நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் மேலே வேறு வேறு இயக்ககங்கள். ஒரே பெயரில் பல இடத்தில் தெரு இருந்தால், பிரிந்திருந்தவரை குழப்பமில்லை. சேர்ந்த மறுநாள் குழப்பம். அதற்காக ஆறு மாதம் அலுவலகத்தைப் பூட்டி வைக்க முடியுமா? குழந்தை பிறப்பது நிற்குமா, குப்பை சேர்வது நிற்குமா? டோகாஃபில் ஈ, எஃப் கட்டங்களில் இடைநிலை ஆர்க்கிடெக்சர் என்று படித்தாயே, அது இதுதான். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலத்தில், எந்தப் பதிவேட்டை நம்புவது என்று தினமும் யாராவது முடிவு சொல்லியாக வேண்டும். கடைசி நிலையைக் காட்டும் படத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். நடுவில் வரும் இரண்டு மூன்று நிலைகளைப் போடுகிறவனைத்தான் நான் ஆர்க்கிடெக்ட் என்பேன்.

இன்னும் கிட்டே வந்து ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள். வருவாய்த் துறைக்கு அது ஒரு சர்வே எண், பதிவுத் துறைக்கு ஒரு பத்திர எண், மின்வாரியத்துக்கு ஒரு இணைப்பு எண், மாநகராட்சிக்கு ஒரு வரிவிதிப்பு எண். மின் இணைப்பு தாத்தா பேரில், பட்டா அப்பா பேரில், வரி ரசீது அம்மா பேரில் இருக்கிற வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை! ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். இந்த நாலும் ஒரே வீடுதான் என்று எந்த இயந்திரம் சொல்லும், சொன்னால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? தரவு ஆர்க்கிடெக்சர் என்று பெரிய பெயரில் படித்ததெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடக்கம். இரண்டாவது பாதி தொழில்நுட்பக் கேள்வியே இல்லை என்பதையும் கவனி.

மத்திய மின்னணு அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட 'இண்டியா' (IndEA) என்ற ஆர்க்கிடெக்சர் கட்டமைப்பைப் படித்தாயா? அரசுத் துறைகள் தனித்தனித் தீவுகளாக இல்லாமல் குடிமக்களுக்கு ஒரே அரசாகத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். டோகாஃப் புத்தகத்தைவிட அது நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் இல்லை என்பதற்காக விட்டுவிடாதே.

கேட்டிருந்தாய், அடுத்து என்ன சர்டிபிகேட் என்று. ஆர்க்கிமேட் தெரிந்துகொள், படம் போடும் மொழி அது, ஆளுக்கொரு அம்புக்குறி போடும் அவலம் குறையும். 'ஆர்ச்சி' என்ற இலவசக் கருவியே பழகப் போதும். தேர்வுக் கட்டணம் டாலரில் வரும், பயிற்சிக் கட்டணம் அதற்கு மேல். கம்பெனி கட்டினால் எழுது, கடன் வாங்கி எழுதாதே. டோகாஃப் புத்தகத்தைத் தனி ஆள் இலவசமாகவே இறக்கிப் படிக்கலாம் என்பதைப் பயிற்சி நிலையங்கள் சத்தமாகச் சொல்லாது. கேள்வித்தாளை மனப்பாடம் செய்ய வைத்துத் தேற்றிவிடுகிறோம் என்கிறவர்கள் பக்கம் போகவே போகாதே. அப்படித் தேறி வந்தவர்களை நேர்காணலில் பார்த்திருக்கிறேன். 'ஸ்டேக்ஹோல்டர் யார்' என்று கேட்டால் வரையறையைச் சொல்வார்கள், 'உங்கள் பிராஜெக்டில் உங்களை எதிர்த்தவர் யார்' என்று கேட்டால் விழிப்பார்கள்.

டோகாஃபை நடத்தும் அதே ஓபன் குரூப் அமைப்பு தரும் இன்னொரு சான்றிதழ் உண்டு, ஓபன் சி.ஏ. என்று. அதற்குப் பாடமும் கிடையாது, கொள்குறி வினாவும் கிடையாது. செய்த வேலையை நீயே எழுதிக் கொடுத்து, மூன்று ஆர்க்கிடெக்டுகள் முன்னால் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். நீ போக வேண்டிய இடம் அது. இப்போதே வேண்டாம், ஏழெட்டு வருஷம் போகட்டும். ஆனால் அதற்கான நோட்டை இன்றைக்கே போடு. என்ன முடிவு எடுத்தோம், ஏன், யார் வேண்டாம் என்றார்கள், ஒரு வருஷம் கழித்து அவர் சொன்னது சரியாகிப் போனதா. நான் அப்படி எழுதி வைக்காமல் விட்டேன். இப்போது வெற்றிகள் நன்றாக நினைவில் இருக்கின்றன, தோல்விகளுக்குக் காரணம் மட்டும் மங்கிவிட்டது. மனசு அப்படித்தான் சௌகரியம் பார்க்கும்.

எழுதி வைப்பது என்றதும் இன்னொன்று. நம் ஊர்த் தேனுபுரீசுவரர் கோயிலின் தூங்கானை மாட விமானத்தை உன் நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்படுவாயே, உள்ளே சுவரில் இருக்கிற சோழர் காலக் கல்வெட்டு எழுத்தை என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறாயா? அந்தக் காலத்தில் நிலம் தானம் கொடுத்தால் கிழக்கே எதுவரை, தெற்கே எதுவரை என்று நான்கு எல்லையும் சொல்லித்தான் எழுதுவார்கள். உன் வேலைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் அப்படி எல்லை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. எதை நீ தொடப்போவதில்லை என்பதையும் சேர்த்து எழுது. நான் பட்ட அடிகளில் பாதி இந்த ஒரு பக்கம் இல்லாததால் விழுந்தவை.

சரி, பேச்சு போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரிக்கரைக்கு வா. வரும்போது உங்கள் வீட்டுப் பழைய பேரூராட்சி வரி ரசீது ஒன்று, இப்போதைய மாநகராட்சி ரசீது ஒன்று, மின்கட்டண அட்டை, பட்டா நகல், நாலையும் அம்மாவிடம் கேட்டு எடுத்துக்கொள். லேப்டாப் வேண்டாம், ஒரு பென்சில் போதும்.