மூலப் பதிப்பா, கைப்பேசிப் பதிப்பா? பழைய விளையாட்டு வாங்குமுன் ஒரு கணக்கு

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் ஒரு தாளை என் முன் நீட்டினாள். அவளுக்குப் பதினான்கு வயது. பத்து வயது நிறைந்த சிறார் தாமே இயக்கத்தக்க சேமிப்புக் கணக்கு ஒன்று அவளுக்கு உண்டு. பிறந்தநாள் அன்பளிப்பும் போட்டிப் பரிசும் சேர்ந்து அதில் 6,400 ரூபாய் இருந்தது. அந்தப் பணத்தில் ‘ஃபைனல் ஃபேன்டசி 6’ என்னும் பழைய ஜப்பானிய விளையாட்டை வாங்க விரும்பினாள். தாளில் இரண்டு வழிகளை எழுதியிருந்தாள். ஒன்று, வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து பழைய கருவியையும் கேட்ரிட்ஜையும் தருவிப்பது. மற்றொன்று, கைப்பேசிப் பதிப்பைச் செயலிக் கடையில் வாங்குவது. “எது லாபம் அப்பா?” என்று கேட்டாள். வணிகவியல் படித்த தகப்பனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். விடை சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இவ்வகை விளையாட்டுகளைப் பற்றி அறியாதோருக்கு ஓரிரு வரிகள். ரோல் பிளேயிங் எனப்படும் இவற்றில், ஆடுபவர் கதைமாந்தர் சிலரின் பொறுப்பை ஏற்று ஒரு நெடுங்கதையின் வழியே செல்கிறார். போரிட்டுப் பெறும் அனுபவம் புள்ளிகளாகச் சேர்ந்து பாத்திரத்தின் வலிமையாகிறது. ஒரு கதையை முடிக்க முப்பது, நாற்பது மணி நேரம் ஆவது இயல்பு. ‘டிராகன் குவெஸ்ட்’ 1986-இலும், ‘ஃபைனல் ஃபேன்டசி’ 1987-இலும் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபாமிகாம் கருவிக்காக வெளிவந்து இந்த மரபை வேரூன்றச் செய்தன.

மூலம் என்பது எது?

மூலப் பதிப்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆராய்ந்தால் அது அத்தனை எளிதன்று. மகள் கேட்ட விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அது 1994 ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றபோது அதன் பெயர் ‘ஃபைனல் ஃபேன்டசி 3’ ஆயிற்று. இடையிலிருந்த இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் பாகங்கள் அப்போது அங்கே வெளியாகவே இல்லை. 2006-இல் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்த பதிப்பில் மூலத்தில் இல்லாத ஒரு நிலவறை முழுவதுமாகச் சேர்க்கப்பட்டது. 2014-இல் முதல் கைப்பேசிப் பதிப்பு வந்தது. அதில் கதைமாந்தரின் உருவங்களை வேறு பாணியில் மாற்றி வரைந்திருந்தார்கள். பழைய ரசிகர்கள் அதை விரும்பவில்லை. 2021-இல் அந்தப் பதிப்பு விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் ‘பிக்சல் ரீமாஸ்டர்’ என்ற பெயரில் கணினிக்கும் கைப்பேசிக்கும் புதிய பதிப்பு வெளியாயிற்று. இதன் உருவங்களைத் தொடக்கக் காலத்திலேயே இத்தொடருக்கு வரைந்த கசுகோ ஷிபுயா என்ற ஓவியரே மீண்டும் அமைத்தார். இசையமைப்பாளர் நொபுவோ உவெமட்சு தம் பழைய மெட்டுகளின் புதிய வாத்திய அமைப்பை மேற்பார்வையிட்டார். ஆயினும் 2006-இல் சேர்த்த நிலவறை இதில் இல்லை.

எனவே வாங்குபவர் முதலில் தெளிய வேண்டியது, தமக்கு எந்த ஆண்டின் பதிப்பு வேண்டும் என்பதே. ஒரே பெயரில் இருப்பதாலேயே எல்லாம் ஒரே சரக்காகிவிடாது. இத்தொடரின் இரு கைப்பேசிப் பதிப்புகளும் தனித்தனிச் செயலிகள். 2014-இல் விலை கொடுத்தவர் 2022-இல் மறுபடியும் விலை கொடுத்தே புதியதைப் பெற வேண்டியிருந்தது.

கைப்பேசி வெல்லும் இடங்கள்

நான் மும்பையில் பணியாற்றுகிறேன். காலையில் உள்ளூர் மின்ரயிலில் ஒரு கை மேலே கைப்பிடியைப் பற்றியிருக்கும்; மறு கைதான் எனக்குச் சொந்தம். அந்த ஒரு கையால் நான் முழுவதுமாக ஆடி முடித்த விளையாட்டு ‘டிராகன் குவெஸ்ட் 8’. 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக அகலத் திரையை எண்ணி ஆக்கப்பட்ட இதை, கைப்பேசிக்கு மாற்றியபோது நெடுக்கு வாக்கில் பிடித்து ஒற்றைக் கட்டைவிரலால் ஆடும்படி மாற்றியமைத்திருந்தார்கள். இழப்பும் உண்டு. அமெரிக்காவில் வெளியான பிளேஸ்டேஷன் பதிப்பிலிருந்த குரல் நடிப்பும் வாத்தியக் குழுவின் இசையும் இதில் இல்லை. ரயில் இரைச்சலில் அவை எனக்குக் கேட்டிருக்கப் போவதில்லை என்பதால் குறையாகத் தோன்றவில்லை. வீட்டில், இரவில், பெரிய திரையில் ஆட விரும்புபவருக்கு அதே இழப்பு பெரிதாகப்படலாம்.

‘ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்’ இதற்கும் ஒரு படி மேல். 1997-இல் பிறந்த இந்த விளையாட்டின் திருத்திய பதிப்பு 2007-இல் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்கு வந்தபோது, மந்திரம் ஏவும் ஒவ்வொரு முறையும் இயக்கம் மந்தமாயிற்று. 2011-இல் வந்த ஐபோன் பதிப்பில் அந்த மந்தம் நீங்கியது. சதுரங்கம் போலக் கட்டம் கட்டமாக, முறை வைத்து ஆடும் ஆட்டமாதலால் விரலால் தொட்டு ஆடுவது இதற்கு வெகு பொருத்தம்.

விதி இதுதான்: முறை வைத்து நிதானமாக ஆடுபவை தொடுதிரைக்கு ஒத்துவரும், ஓடிக்கொண்டே வாள் சுழற்றுபவை ஒத்துவரா. கண்ணாடிப் பரப்பில் வரைந்த பொத்தானை விரல் உணர்வதில்லை. ‘பால்டர்ஸ் கேட்’ போன்றவை நடுவில் நிற்கின்றன. 1998-இல் கணினிக்காக எழுதப்பட்ட அதை நான் கல்லூரி நாட்களில் நண்பன் வீட்டில் ஆடியிருக்கிறேன். 2012-இல் மேம்படுத்திய பதிப்பு கணினிக்கும் ஐபேடுக்கும் வந்தது. ஐபேடில் சுகம், ஆறு அங்குலக் கைப்பேசியில் அதன் எழுத்துகளைப் படிக்க நாற்பதைக் கடந்த கண்கள் மறுக்கின்றன.

சொத்தும் உரிமமும்

இனிக் கணக்கு. கேட்ரிட்ஜ் என்பது அசையும் சொத்து. அதைக் கடன் கொடுக்கலாம், விற்கலாம், தம்பிக்கு விட்டுச் செல்லலாம். கைப்பேசிப் பதிப்புக்கு நாம் கொடுக்கும் பணம், பயன்படுத்தும் உரிமத்துக்கான கட்டணம். ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் உடைமை நமக்கு மாறுவதில்லை. இந்தச் சொல்லே வாங்குபவரை மயக்குகிறது என்று கருதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல், எண்ணிமப் பொருளை விற்கும் கடைகள், பெறுவது உரிமமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது.

ஓர் உதாரணம். கருவியும் கேட்ரிட்ஜும் சேர்ந்து 15,000 ரூபாய் ஆகிறதென்றும், ஆடி முடித்தபின் 11,000 ரூபாய்க்கு விற்க முடிகிறதென்றும் வைத்துக்கொள்வோம். நிகரச் செலவு 4,000 ரூபாய். கைப்பேசிப் பதிப்பு 1,500 ரூபாய் எனில், அதன் எஞ்சிய மதிப்பு சுழியம். நிகரச் செலவு முழு 1,500 ரூபாய். பத்து மடங்காகத் தோன்றிய வேறுபாடு மூன்று மடங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. தொகைகள் என் கற்பனை. கணக்கிடும் முறையையே கவனிக்க வேண்டுகிறேன்.

ஆனால் சொத்துக்குப் பராமரிப்பும் தேய்மானமும் உண்டு. அக்கால கேட்ரிட்ஜ்களுள் சேமிப்பைக் காக்க ஒரு நாணய வடிவ மின்கலம் இருக்கும். இருபது முப்பது ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டால் ஆட்டம் ஓடும், சேமிப்பு நில்லாது. மாற்றுவதற்குப் பற்றவைப்புக் கோல் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். ஜப்பானியக் கருவி 100 வோல்ட்டுக்கும் அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கும் ஆனவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு கதை முடிந்தது. மின்மாற்றி வேண்டும், இக்காலத் தொலைக்காட்சியில் படம் வர மாற்றுக்கருவி வேண்டும், இறக்குமதிக்குச் சுங்க வரி உண்டு. போலிக் கேட்ரிட்ஜ்களும் சந்தையில் உலவுகின்றன.

உரிமத்துக்கும் ஆயுள் உண்டு. அது நம் கையில் இல்லை என்பதே வேறுபாடு. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, 32 பிட் முறையில் எழுதப்பட்டுப் புதுப்பிக்கப்படாமல் இருந்த செயலிகள் அனைத்தும் ஒரே நாளில் இயங்காமல் நின்றன. விலை கொடுத்தவர் கைப்பேசியில் படச்சின்னம் மட்டும் எஞ்சியது. என் அனுபவம் அதைவிடச் சிறியது, எனினும் மறக்க முடியாதது. சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசியை மாற்றினேன். செயலியைப் புதியதில் இறக்கிக்கொண்டேன். அது இலவசமாகவே வந்தது. நாற்பத்திரண்டு மணி நேர ஆட்டத்தின் சேமிப்பு மட்டும் வரவில்லை. பழைய கைப்பேசி அதற்குள் பரிமாற்றச் சலுகையில் கடைக்காரரிடம் போய்விட்டிருந்தது. கொடுப்பதற்கு முன் அதைத் துப்புரவாக அழித்துக் கொடுத்தவனும் நானே. சேமிப்பை மேகக் கிடங்கில் வைக்கும் வசதி அந்தச் செயலியில் இருந்ததா என்று நான் பார்த்திருக்கவே இல்லை. செயலியை வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் வரி அதுதான் என்று இன்று சொல்வேன்.

இடைவழி ஒன்றும் உண்டு. பழைய கணினி விளையாட்டுகளைப் பூட்டில்லா நிறுவல் கோப்பாகவே தரும் ஜிஓஜி போன்ற கடைகளில் வாங்கினால், கோப்பை நம் வன்தட்டில் பத்திரப்படுத்தலாம். கடை மூடினாலும் கோப்பு நம்மிடம் இருக்கும். ‘பால்டர்ஸ் கேட்’ விரும்பிகளுக்கு என் பரிந்துரை இதுவே.

இலவசம் என்னும் மூன்றாம் வழி

மகளின் தாளில் இல்லாத மூன்றாம் வழியை அவள் தோழி சொல்லியிருந்தாள்: ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏபிகே கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்வது. அது பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு இந்தப் பேச்சை நான் முடிப்பதில்லை. கிளையில் என் மேசைக்கு வந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். அவருடைய மகன் தந்தையின் கைப்பேசியில் அப்படி ஒரு விளையாட்டை நிறுவியிருந்தான். நிறுவும்போது அது குறுஞ்செய்திகளைப் படிக்கவும், அணுகல்தன்மைச் சேவையைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்டது. சிறுவன் எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொன்னான். அந்த இரு அனுமதிகளும் கைக்கு வந்தால், திரையில் தெரிவதைப் பார்க்கவும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படிக்கவும் அந்நியரால் முடியும். மூன்று பரிமாற்றங்களில் 38,000 ரூபாய் போயிற்று. அவர் வங்கிக்கு வந்தது ஐந்தாம் நாள். எங்கோ தவறு செய்துவிட்டோம் என்ற கூச்சம் அவரை நான்கு நாள் வீட்டிலேயே உட்கார்த்தி வைத்திருந்தது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விடுத்த சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நிகழ்வது வங்கியைச் சாரும். ஆகவே கூச்சத்துக்கு அங்கே விலை உண்டு. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பதும், கணக்கை முடக்கச் சொல்வதும் அந்த நிமிடமே செய்ய வேண்டியவை. வங்கிச் செயலி உள்ள கைப்பேசியில் கடைக்கு வெளியிலிருந்து எந்த விளையாட்டையும் நிறுவ வேண்டாம்.

செயலிக் கடைக்குள்ளும் கவனம் தேவை. ஒரே விலையில் முழுமையாக விற்கப்படும் பழைய விளையாட்டு ஒன்று. அதே தொடரின் பெயரைச் சூடி, இலவசமாக நுழைய விட்டு, உள்ளே மணிகளையும் பெட்டிகளையும் விற்கும் விளையாட்டு மற்றொன்று. பெயர் ஒற்றுமையால் பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். விவரப் பக்கத்தில் ‘செயலிக்குள் வாங்குதல்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். அட்டையைக் கடையில் பதிந்து வைத்திருந்தால் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைக்கவும். 2020 அக்டோபர் முதல் எல்லா அட்டைகளிலும் இணையவழி, வெளிநாட்டுப் பயன்பாடுகளைத் தனித்தனியே திறக்கவும் மூடவும், உச்சவரம்பு இடவும் வசதி இருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் கொடுத்த கையோடு அந்தக் கதவை மூடிவிடலாம். மாதச் சந்தாவுக்கு ஒப்புதல் தந்திருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரும். அதைப் படிக்காமல் தள்ளிவிடுவோரே மிகுதி.

தவறாக வாங்கிவிட்டால் காலம் தாழ்த்தாதீர்கள். கூகுள் பிளே கடையில் 48 மணி நேரத்துக்குள் கோரினால் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. கணினிக்கான ஸ்டீம் கடையில் வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தருவார்கள்.

ஒரு வாரம் கழித்து இவ்வளவையும் மகளிடம் சொன்னேன். மின்மாற்றியும் சுங்க வரியும் சேர்த்தபின் மூலக் கருவி அவளுடைய 6,400 ரூபாயைத் தாண்டிவிட்டது. “மீதியை நான் தரட்டுமா?” என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். 2022-ஆம் ஆண்டின் கைப்பேசிப் பதிப்பை அவள் பணத்திலேயே வாங்கினாள். வாங்குமுன் சேமிப்பு எங்கே இருக்கும் என்று என்னிடம் கேட்காமலே விவரப் பக்கத்தைப் படித்தாள். இப்போது இசைநாடக அரங்கக் காட்சியில் நிற்கிறாள். 1994-இல் கருவியின் ஒலிச் சில்லு முனகிய அந்தப் பாட்டை, இந்தப் பதிப்பில் மனிதக் குரல் பாடுகிறது. எது நன்றாக இருக்கிறது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.