ஒற்றை விளக்கில் ரெம்பிராண்ட் ஒளி
டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) தீட்டிய பல முகங்களில், நிழல் படிந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக வெளிச்சம் விழுவதால், அவ்வகை ஒளியமைப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டில் இதைப் பெற மேசை விளக்கு ஒன்றே போதும்: அறையின் பிற விளக்குகளை அணைத்து, முகத்துக்கு ஏறக்குறைய 45 பாகை பக்கவாட்டிலும் கண்மட்டத்துக்குச் சற்று மேலேயும் அதை வைத்து, மூக்கின் நிழல் கன்ன நிழலோடு சேரும்வரை அமர்ந்திருப்பவரின் தலையை மெல்லத் திருப்பச் செய்ய வேண்டும். விளக்கை முகத்தின் அருகிலும் சுவரை ஆறேழு அடி பின்னாலும் அமைத்தால், தூரம் இரட்டிக்கும்போது வெளிச்சம் கால்பங்காகும் என்ற விதிப்படி, பின்னணி தானே இருளில் மூழ்கும். கைபேசிக் கேமரா இருண்ட காட்சியைத் தானாகவே வெளுப்பாக்கும் இயல்புடையது. ஆகவே திரையில் ஒளிபட்ட கன்னத்தைத் தொட்டு, பிரகாசத்தைக் குறைத்த பின்னரே படமெடுக்க வேண்டும். நிழற்பக்கக் கண் முற்றிலும் மறைந்துவிட்டால் மட்டும் வெள்ளைத் தெர்மக்கோல் அட்டையை அப்பக்கம் பிடிக்கலாம்.