கை படாமல் அழுந்தும் பொத்தான்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

கணிப்பொறித் திரையில் ஒரு பொத்தானைக் காண்கிறோம். மவுஸால் அதைத் தட்டுகிறோம். உடனே ஒரு வேலை நடக்கிறது. ஆனால் ஒருவர் கையும் படாமல், புரோகிராமே அந்தப் பொத்தானை அழுத்திக்கொள்ள முடியும் என்பதை அறிவீர்களா? அது எவ்வாறு என்பதையும், அதில் நான் செய்த ஒரு பிழையையும் இங்கே கூற விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். பொத்தான் வேறு, அதனால் நடக்கும் வேலை வேறு. வாசலில் உள்ள அழைப்பு மணியை அழுத்தினால் வீட்டில் இருப்பவர் வந்து கதவைத் திறக்கிறார். கதவைத் திறப்பது மணியன்று அல்லவா? அதுபோலவே பொத்தானை அழுத்தியதும் ‘கிளிக்’ என்னும் நிகழ்ச்சி உண்டாகிறது. அதற்காகக் காத்திருக்கும் செயல்முறை உடனே ஓடி வேலையை முடிக்கிறது. 1991-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட விசுவல் பேசிக் மொழி, இவ்வாறு எழுதும் முறையைப் பலருக்கும் எளிதாக்கியது.

புரோகிராம் தானே இவ்வேலையைத் தொடங்க இரு வழிகள் உண்டு. ஒன்று, அந்தச் செயல்முறையை நேரே பெயர் சொல்லி அழைப்பது. மற்றொன்று, பொத்தானையே அழுத்தும்படி கட்டளையிடுவது. இக்கட்டளைக்கு விசுவல் பேசிக் டாட் நெட்டில் ‘பெர்ஃபார்ம்கிளிக்’ என்றும், ஜாவா ஸ்விங்கில் ‘டூகிளிக்’ என்றும், பைத்தானின் டிகின்டரில் ‘இன்வோக்’ என்றும் பெயர். டூகிளிக் கட்டளை பெற்ற பொத்தான், விரலால் அழுத்தியது போலவே 68 மில்லிசெகண்டு அழுந்தி நின்று பிறகு எழும்பும்!

இரண்டு வழிகளும் ஒன்றே என்று நான் எண்ணினேன். அங்கேதான் தவறினேன்.

எங்கள் நூலகத்திற்காக நானும் என் தோழியும் விசுவல் பேசிக் டாட் நெட்டில் ஒரு சிறு புரோகிராம் எழுதினோம். புத்தக எண்ணை இட்டு ‘வழங்கு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அப்புத்தகம் ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தால் பொத்தான் மங்கிவிடும், அழுத்த முடியாது. வேலை விரைவாக நடக்கட்டும் என்று, என்டர் விசையைத் தட்டினாலும் புத்தகம் வழங்கப்படுமாறு ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியில் செயல்முறையை நேரே அழைத்துவிட்டேன்.

ஒருநாள் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி 315-ஆம் எண் புத்தகத்தை எடுத்தாள். நான் அவசரத்தில் 351 என்று இட்டு என்டரைத் தட்டினேன். 351 வேறொரு மாணவியிடம் இருந்தது. பொத்தான் மங்கித்தான் இருந்தது. ஆயினும் அப்புத்தகம் தங்கையின் பெயருக்கு மாறிவிட்டது. இரு வாரங்களுக்குப் பின், தான் பார்த்தே இராத புத்தகத்தைத் திருப்பித் தருமாறு கேட்கப்பட்டு அவள் கண் கலங்கி நின்றாள். அதைக் கண்டு என் உள்ளம் சுட்டது. பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது பிழை என்னுடையது என்று தெரிந்தது. சிஸ்டரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். சிஸ்டர் கோபிக்கவில்லை. “பூட்டிய கதவை விட்டுவிட்டுச் சன்னல் வழியே நுழைந்திருக்கிறாயே, அம்மா!” என்று மட்டும் சொன்னார்கள்.

ஆம், அதுதான் வேறுபாடு. செயல்முறையை நேரே அழைத்தால் பொத்தான் மங்கியிருப்பதை அது பார்ப்பதில்லை. பெர்ஃபார்ம்கிளிக் கட்டளையோ, பொத்தான் மங்கியிருந்தாலும் மறைந்திருந்தாலும் ஒன்றும் செய்யாது. அன்றே அந்த வரியை மாற்றினேன். படிவத்தின் ‘அக்செப்ட்பட்டன்’ என்னும் பண்பில் அப்பொத்தானைக் குறித்துவிட்டால், வரி எதுவும் எழுதாமலே என்டர் விசை அதை அழுத்தும் என்பதையும் பிறகு கற்றேன்.

இன்னும் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்க. ஒரு பொத்தானின் கிளிக் செயல்முறைக்குள்ளேயே அப்பொத்தானை மீண்டும் அழுத்தச் சொல்லாதீர்கள். அது தன்னையே அழைத்து அழைத்து, இடம் தீர்ந்து, புரோகிராம் நின்றுவிடும். மேலும், காவல் பொத்தானில் மட்டும் இருந்தால் போதாது. ‘இப்புத்தகம் நூலகத்தில் உள்ளதா?’ என்ற சோதனையைப் புத்தகம் வழங்கும் செயல்முறையின் முதல் வரியிலும் வைக்க வேண்டும். அப்போது எந்த வழியில் வந்தாலும் தவறு நுழையாது.

இப்போது அந்தத் தங்கை வாரந்தோறும் நூலகத்திற்கு வருகிறாள். நான் எண்ணை இருமுறை படித்துப் பார்த்த பிறகே என்டரைத் தட்டுகிறேன்.