இடுப்பில் துருத்தாத பிடி

ஹூஸ்டனுக்குத் தெற்கே பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த ஒரு சின்னக் கடையைப் பதினோரு வருடமாக நடத்தி வருகிறேன். இரவு பத்தரைக்குக் கல்லாவை எண்ணி முடித்து, விளக்கணைத்து, பணப்பையோடு தனியாகக் காருக்கு நடக்க வேண்டும். நாற்பதடி தூரம்தான். அந்த நாற்பதடிக்காகத்தான் ரிவால்வர் வாங்கினேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 60. ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல், தோட்டா இல்லாமல் ஏறத்தாழ 550 கிராம் எடை. முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் வீட்டு வழக்கில் எவர்சில்வர்.

இதன் கார்பன் எஃகு அண்ணன் 1950இல் வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல். காவல்துறைத் தலைவர்கள் கூடிய மாநாட்டில் அறிமுகமானதால் அந்தப் பெயர். உடம்போடு ஒட்டி வைத்திருந்த காவலர்களின் வியர்வையில் அந்தத் துப்பாக்கிகள் துருப்பிடித்தன. 1965இல் அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாடல் 60 வந்தது. தொடர்ந்து தயாரிக்கப்பட்ட முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் அது. மே முதல் செப்டம்பர் வரை சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கும் ஹூஸ்டனில், இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

மேலே போவதற்கு முன் இங்குள்ள நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நண்பருடையதை ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்ற செய்தியைப் படித்துவிட்டு, அது எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொருந்தாது. நான் கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கினேன். உரிமம் கட்டாயமில்லை என்றானபின்பும் என் உரிமத்தைப் புதுப்பித்தே வருகிறேன்.

இனி பிடி விஷயம். வாங்கிய முதல் வாரம், ஹில்கிராஃப்ட் சாலையில் இந்திய மளிகைக் கடை வாசலில் அரிசி மூட்டையைக் காரில் ஏற்றக் குனிந்தேன். பின்னால் நின்ற மனைவி மெதுவாகச் சொன்னாள்: “ஏங்க, இடுப்புல துருத்திக்கிட்டு இருக்கு. சட்டையை இழுத்து விடுங்க.” பக்கத்து வண்டியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு உடம்பே கூசியது. மறைத்து வைப்பது என்று முடிவு செய்தால் முழுதாக மறைய வேண்டும். அரைகுறையாகத் தெரிவது பக்கத்தில் இருப்பவரைப் பயமுறுத்தும். பறிக்க நினைப்பவனுக்கு எங்கே இருக்கிறது என்று காட்டியும் கொடுக்கும்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று எது துருத்துகிறது என்று பார்த்தேன். குழலும் சிலிண்டரும்தான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். குழல் கால்சட்டைக்குள் போய்விடுகிறது. சிலிண்டர் பெல்ட்டின் உயரத்தில் உட்காருவதால் பெல்ட்டே அதை உடம்போடு அழுத்திவிடுகிறது. பெல்ட்டுக்கு மேலே நிற்பது பிடி மட்டும்தான். குனியும்போது அதன் அடி முனை சட்டையைக் கூடாரக் கம்பு போலத் தூக்குகிறது. என் துப்பாக்கியோடு வந்தது மூன்று விரலும் பதியும் நீளமான ரப்பர் பிடி. ரேஞ்சில் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் பருத்திச் சட்டை ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். நிமிர்ந்த பிறகும் துணி கீழே இறங்காமல் அங்கேயே மாட்டி நிற்கும். மனைவி பார்த்தது அதைத்தான்.

உடனே எதிர்ப்பக்கம் ஓடினேன். இணையத்தில் கிடைத்ததிலேயே மெலிதான ஒன்றை, எந்தத் தயாரிப்பு என்று பெரிதாக ஆராயாமல் வாங்கினேன். தகடு போல இரண்டு பலகை. மாட்டியதும் துப்பாக்கி இருப்பதே தெரியவில்லை. இரண்டு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன். பிறகுதான் ரேஞ்சுக்குப் போனேன். முதல் சூட்டில் டிரிகர் வளையத்தின் பின்புறம் என் நடுவிரல் மூட்டில் இடித்தது. இரண்டாவதில் பிடி உள்ளங்கைக்குள் திரும்பியது. மூன்றாவது சூட்டுக்கு முன் கையை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. ஐந்து முடிவதற்குள் மூட்டில் தோல் உரிந்திருந்தது. ஏழு கஜ தூரத்தில் வைத்த தாளில் கடைசி இரண்டு துளைகள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. காரை நோக்கி ஒருவன் ஓடி வரும்போது கையைச் சரிசெய்ய யார் நேரம் தருவார்கள்?

வலித்த மூட்டைத் தடவிக்கொண்டே துப்பாக்கியைக் கவனித்தேன். இந்த அளவுச் சிறிய ரிவால்வரில் டிரிகர் வளையத்துக்கும் பிடியின் முன்பக்க இரும்புக்கும் நடுவே ஒரு வளைந்த பள்ளம் இருக்கிறது. மெல்லிய பலகைகள் பக்கவாட்டை மட்டுமே மூடுகின்றன. அந்தப் பள்ளம் காலியாகவே இருக்கிறது. நடுவிரல் அதற்குள் ஏறி வளையத்துக்குக் கீழே ஒட்டிக்கொள்கிறது. உதை வரும்போது இரும்பு நேராக மூட்டில் அடிக்கிறது. என்னைக் காயப்படுத்தியது பக்கவாட்டு மெலிவு அல்ல, முன்பக்கத்து வெற்றிடம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் ஆனது. மெலிவு வேண்டிய இடம் பக்கவாட்டும் அடி முனையும். முன்பக்கத்தில் நிறைவு வேண்டும். மெலிதான பிடி என்று கேட்டு வாங்குகிறவர்கள் எல்லா இடத்திலும் மெலிவைக் கேட்கிறார்கள், கையைக் காயப்படுத்திக்கொண்டு பழைய ரப்பருக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இந்தப் பள்ளத்தை அடைக்க அமெரிக்காவில் ஒரு பழைய பொருள் உண்டு: டைலர் டி-கிரிப். கட்டைவிரல் நுனி அளவு உலோகத் துண்டு. அதிலிருந்து வரும் மெல்லிய தகடுகளை இரண்டு பக்கப் பலகைக்கும் அடியில் செருகி, பலகையைத் திருகினால் அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் அகலம் கூடுவதில்லை. ஒரு கன் ஷோவில் பழைய வால்நட் பலகைகளும் இந்தத் துண்டும் சேர்ந்து எனக்குக் கிடைத்தன. இரண்டையும் மாட்டிச் சுட்ட அன்று நடுவிரல் ஒரு முறைகூட அடிபடவில்லை. இன்றும் என் இடுப்பில் இருப்பது அதுதான்.

தனித்தனியாகத் தேட விரும்பாதவர்கள் பூட் கிரிப் என்ற வகையைக் கேளுங்கள். கிரெய்க் ஸ்பெகல் என்ற கைவினைஞர் மரத்தில் செதுக்கிய வடிவம் அது. அங்கிள் மைக்ஸ் நிறுவனம் அதை ரப்பரில் வார்த்துப் பரப்பியது. முன்பக்கப் பள்ளம் நிரம்பியிருக்கும், அடி வட்டமாக முடியும், துப்பாக்கியின் உலோகச் சட்டத்தின் (ஃபிரேம்) அடியைத் தாண்டி நீளாது. இரண்டு விரல்தான் பதியும். சுண்டுவிரலை அடியில் மடக்கிக்கொள்ள வேண்டும். அது பழக ஐம்பது சூடு போதும். இதையே வழுவழுப்பான மரத்திலோ, கண்ணாடி இழையைப் பிசினில் அழுத்திச் செய்யும் ஜி10 என்ற பொருளிலோ வாங்கினால் சட்டை ஒட்டாது. ஜி10 வியர்வையை உறிஞ்சுவதும் இல்லை. ஆனால் அதில் கூர்மையான கட்டம் வெட்டியதை வாங்காதீர்கள். பகல் முழுக்க விலாத் தோலில் உரசினால் மாலையில் அரம் போட்டது போல எரியும்.

அகலம் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். இந்த ரிவால்வரின் சிலிண்டர் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் அகலம். அதை எந்தப் பிடியாலும் குறைக்க முடியாது. ஆகவே பிடி அதைத் தாண்டாமல் இருந்தாலே போதும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, சிலிண்டரின் பக்கத்தில் ஓர் அடிக்கோலைக் குழலுக்கு இணையாக வைத்து, மறுமுனை பிடியின் மேல் போகும்படி பாருங்கள். கோலுக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பிடி மெலிதாகவே இருக்கிறது. அதற்கும் மேல் ஒவ்வொரு மில்லிமீட்டராகச் சீவித் தள்ளுவதால் மறைவு கூடுவதில்லை, பிடிமானம்தான் குறைகிறது.

என்னைப் போல் சின்னக் கை உள்ளவர்கள் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சில பிடிகள் சட்டத்தின் முதுகு இரும்பையும் சேர்த்து மூடும். உதை மெத்தென்று இருக்கும். ஆனால் உள்ளங்கை பின்னுக்குத் தள்ளப்படுவதால் டிரிகர் எட்டாது. விரல் நுனியால் மட்டும் இழுக்க வேண்டி வரும். டிரிகரை முழுதாக இழுக்க ஏறத்தாழ 12 பவுண்டு விசை தேவைப்படும் துப்பாக்கி இது. நுனியால் இழுத்தால் குழல் ஒரு பக்கம் ஆடும். முதுகு இரும்பு வெளியே தெரியும் பிடியே சின்னக் கைக்குச் சரி. உதை அதிகமாகத் தோன்றினால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். தட்டை முனையுள்ள 148 கிரெய்ன் வாட்கட்டர் தோட்டா கைக்கு மிகவும் இதமானது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. சட்டத்தின் அடி வட்டமா சதுரமா என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குச் செய்தது மற்றதில் உட்காராது. ருகர் எஸ்பி101 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை வேறு மாதிரி: அதில் பிடிக்குள் முழுச் சட்டம் கிடையாது, ஒரு குறுகிய தண்டுதான், அதற்கென்றே செய்த பிடிதான் பொருந்தும். இன்னொன்று, இடது பலகையின் மேல் பகுதி. சிலிண்டர் இடது பக்கம் திறப்பதால், அங்கே சற்றுக் குடைந்து எடுத்திருக்காவிட்டால், ஐந்து தோட்டாவையும் ஒரே நேரத்தில் ஏற்றும் ஸ்பீட்லோடர் இடிக்கும், காலித் தோட்டாவும் விளிம்பில் மாட்டும். போலித் தோட்டாக்களைப் போட்டு வீட்டிலேயே நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். பிடியிலேயே கொக்கி வைத்து, உறை இல்லாமல் பெல்ட்டில் மாட்டும் வகையும் கிடைக்கிறது. டிரிகரை மூடாமல் இடுப்பில் செருகும் எதையும் நான் ஏற்க மாட்டேன்.

பிடியை மாற்ற உட்காரும்போது நான் ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறேன். சிலிண்டரைத் திறந்து, ஐந்தையும் எடுத்து, வாய்விட்டு எண்ணி, அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மேசையில் உட்காருவேன். திருகாணியைத் தளர்த்தியதும் பலகைகளை நெம்பாமல், ஆணியின் தலையை மெல்லத் தட்டினால் எதிர்ப்பலகை தானே எழும்பும். சட்டத்தின் கீழே குறுக்காக ஒரு சின்ன ஊசி இருக்கும். பலகையின் துளை அதில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே திருகுங்கள். மரத்தை அதிகமாக இறுக்கித் திருகினால் விரிசல் விடும். கழன்றுவிடும் என்று பயந்தால் நீல நிற நூல்பூட்டுப் பசையில் ஒரு துளி போதும்.

முதல் கோடை முடிந்து பலகையைக் கழற்றியபோது நான் பார்த்ததை மறக்க முடியவில்லை. வெளியே டம்ளர் போலப் பளபளத்த துப்பாக்கி, பலகைக்கு அடியில் உப்புப் படிந்து, கடுகு சிதறியது போல் பழுப்புப் புள்ளிகளோடு இருந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்றே வளர்ந்தவன் நான். காந்தத்தை வைத்துப் பார்த்தேன். வீட்டு டம்ளரில் ஒட்டவில்லை, ரிவால்வரில் ஒட்டியது. டம்ளரில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்திருக்கிறது. துப்பாக்கிக்குக் கடினப்படுத்தக்கூடிய வகை எஃகு வேண்டும். அது துருவைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் தடுக்காது. பிடி இறுக்கமாகப் பொருந்தப் பொருந்த, உள்ளே போன வியர்வை வெளியே வர வழியில்லை. இப்போது மாதம் ஒருமுறை கழற்றி, நைலான் பிரஷால் தேய்த்து, எண்ணெய்த் துணியால் ஒற்றி மாட்டுகிறேன். பத்து நிமிட வேலை. அந்தப் புள்ளிகள் திரும்ப வரவில்லை.

இரவு வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி பூட்டுப் பெட்டிக்குள் போய்விடும். சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை அலட்சியமாகப் போட்டு வைத்து, அது பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் என் வீட்டில் அப்படித்தான்.

புதுப் பிடி வாங்கினால், அதை அணிந்து வெளியே போவதற்கு முன் ரேஞ்சுக்குப் போங்கள். நீங்கள் உண்மையிலேயே எடுத்துச் செல்லும் தோட்டாவில் ஐம்பது சுடுங்கள். ஐந்தையும் இடையில் கையை மாற்றிப் பிடிக்காமல், ஒரு தட்டின் அகலத்துக்குள் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், எவ்வளவு அழகாக மறைந்தாலும் அந்தப் பிடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.